ஆயாம்மாவின் லீவு நாள்

அன்பு மகளுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது.

இங்கே நலம். உன் நலமறிய ஆவல். கோணல்மாணலான எழுத்தைப் பொறுத்துக்கொள். மாவு பிசைந்தே பழகிய விரலுக்குள் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு வரி முடிப்பதற்குள் வியர்த்துவிடுகிறது. ஆனாலும் பார், உன் அப்பன் எழுதுகிறான்! "சொந்தப் பொண்ணுக்கு ஊரான் கையால எழுதறீங்களே, வெக்கமா இல்ல?" என்று ஆயாம்மா திட்டித் திட்டித்தான் என்னை மாலை வகுப்புக்குத் துரத்தினாள். முதல் கடிதத்தை அவளிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள நினைத்திருந்தேன். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இனிச் சொல்வதை உட்கார்ந்து படி. போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், சேதி பாதியில் நிற்கும்.

முந்தாநாள் வாசலில் ஒரு பெண். உன் வயதுதான் இருக்கும். கையில் நம் கடை ரொட்டி சுற்றும் தாள். அதிலிருந்த பெயரைக் காட்டி விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். "எங்கம்மா இங்கதான் வேலை பாக்கறாங்க. கொஞ்ச நாளா என்னைப் பாக்க வரல. உடம்பு சரியில்லையா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஆயாம்மாவுக்கு மகளா! உன் அம்மா போன கையோடு உன்னைத் தூக்கி வளர்க்க வந்தவள், யாருமில்லாதவள் என்றுதானே இத்தனை காலமும் நினைத்திருந்தோம்? லீவு நாளில் இரண்டு ரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புவாளே, "என்ன ஆயாம்மா, மேட்னி ஷோவா?" என்று நீகூடக் கிண்டல் செய்வாயே. வீட்டில் அவள் ரொட்டியைத் தொட்டதே இல்லை. நமக்கு ஏனம்மா உறைக்கவில்லை?

பிள்ளை இருப்பது தெரிந்தால் வேலை கிடைக்காது என்று அம்மாக்காரி மறைத்திருக்கிறாள். பிறகு சொல்ல வாய் வரவில்லையாம். இவளைச் சித்தி வீட்டில் விட்டிருக்கிறாள். "உங்க ரொட்டியத் தின்னு வளந்தவதான் நான்" என்று சிரிக்கிறாள் அந்தப் பெண். அவளிடம் எப்படிச் சொல்வது? உட்கார வைத்துச் சொன்னேன். அழவில்லை. அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

நீ வரும்வரை ஆயாம்மா அறையை யாருக்கும் திறக்கக் கூடாது என்றாய். திறந்துவிட்டேன், கோபப்படாதே. அந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்க பொண்ண என்ன பாட்டுப் பாடித் தூங்க வெப்பாங்க? என்னை ஒருநாள்கூடத் தூங்க வெச்சதில்ல. பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிடுவாங்க."

எனக்கென்ன தெரியும்? விடியுமுன் அடுப்பு மூட்டப் போகிறவன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் உனக்குப் பாடத் தொடங்கினால், இந்தப் பக்கம் முதலில் தூங்குவது நான்தான். அந்தப் பாட்டு இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

எழுதி அனுப்பு கண்ணு, ஒரு சொல் விடாமல். பெரிய எழுத்தாக எழுது, நானே அவளுக்குப் படித்துக் காட்டுவேன். லீவு நாள் தவறாமல் வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு ரொட்டி எடுத்து வைப்பேன். அடுத்த வாரம் அவள் வந்து போனதும் மறுபடி எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா