வேடியப்பன் விட்டுப்போன பை

கள்ளக்குறிச்சி,
வியாழக்கிழமை

அன்பு மகன் உமைருக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உன் அம்மாவும் தம்பியும் நானும் உடம்பால் சுகம், மனசு எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மருமகளும் குழந்தையும் நன்றாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன், இந்தக் கோபத்திலும் அதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பாதியில் போனை வைத்தாய், மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை. நம் தெரு நிஷாத் நாளை சார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், கடைசி வரை படி.

நம் கடைப் பழக்கம் உனக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கயிறு, தார்ப்பாய் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பையை நம் கொக்கியில் மாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போவார்கள். சீட்டு கிடையாது. திரும்ப வருகிறவர், அல்லது அவர் அனுப்பிய ஆள், பைக்காரர் பேரும் ஊரும் சொன்னால் எடுத்துக் கொடுப்போம். அப்படித்தான் வேடியப்பன் ஒரு திங்கட்கிழமை, குறைதீர் நாளில் நிலப்பட்டாவுக்கு மனு கொடுக்க வந்து பையை மாட்டினான். மகளுக்குப் புதுச் செருப்பும் நாலு உருண்டை வெல்லமும் இருந்தன. பாய், சாயங்கால பஸ்ஸுக்கு வந்துர்றேன், எறும்பு ஏறாம பாத்துக்குங்க என்று சொல்லிப் போனவன் வரவேயில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே மப்டியில் வந்த போலீஸ்காரர்கள் அவனை ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். புதன்கிழமை மலை ஓடையில் சாராயக் கேனோடு பிடித்ததாக எழுதினார்கள். நடுவில் இரண்டு நாள் அவனை எங்கே வைத்திருந்தார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அவனுக்கு இப்போது இடது காது கேட்காது.

கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு போலீசுக்குக் கேஸ் காட்ட வேண்டும், அதற்குக் கையில் கிடைத்த மலைக்காரன் போதும். வக்கீல் செந்தமிழ்ச்செல்வி அவனை ஜாமீனில் எடுத்து, மனித உரிமை ஆணையத்துக்கு மனு போட்டார். நான் சாட்சியாகக் கையெழுத்திட்டேன். ஓடைக்குப் போனவன் மகள் செருப்பை விட்டுவிட்டா போவான், ஆணையத்து அதிகாரி வந்து பார்க்கும்வரை பை அதே கொக்கியில் தொங்கட்டும் என்றார் வக்கீல். நானும் எறும்பு சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுக் காவல் இருந்தேன்.

அதன் பிறகுதான் உன் தம்பி சுபைரின் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை நின்றது. ஒரு போலீஸ்காரர் கடை வாசலில் நின்று, இன்னா பாய், நீங்க சட்டம் படிச்சிக்கினே இருங்க, பையன் கயிறு வித்துக்கினே இருக்கட்டும் என்று சிரித்தார். ஜமாஅத் பெரியவர்களும் வந்து, நமக்கு இன்னாத்துக்கு பாய் ஊர் வம்பு என்றார்கள். இது ஊர் வம்பு இல்லை, என் கடை வாசல் வம்பு என்று டீ கொடுத்து அனுப்பினேன்.

போன மாதம் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கொக்கி காலி. சுபைர் சாதாரணமாகத்தான் சொன்னான், வேடியப்பன் மச்சான்னு ஒருத்தர் வந்தாரு, ஊர் பேரு சொன்னாரு, குடுத்துட்டேன் என்று. அந்த வாரமே பாஸ்போர்ட் விசாரணை முடிந்துவிட்டது. பிறகு அம்சவள்ளி, வேடியப்பன் சம்சாரம், இறங்கி வந்தாள். அவளுக்கு அண்ணன் தம்பி யாருமே இல்லை, மச்சான் என்று வந்தவன் சொன்னது பொய். காலிக் கொக்கியைப் பார்த்துவிட்டு, பாப்பாவுக்குக் கால் வளந்துருச்சிங்க பாய், அந்தச் செருப்பு சேராது, வுடுங்க என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவள் போனதும் சுபைரை நிறுத்திக் கேட்டேன். சொன்னான், தெரிஞ்சிதான் அத்தா குடுத்தேன், யாருன்னா வந்து பேர் சொன்னா குடுத்துடு, நீ கேக்காத, அத்தாவுக்கும் தெரிய வேணாம்னு அண்ணந்தான் போன்ல சொல்லுச்சி என்று.

இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டேன். நீ இல்லை என்று சொல்லவில்லை. ஒரு மலைக்காரனுக்காகத் தம்பி வாழ்க்கையைக் கெடுப்பீர்களா என்று கேட்டு வைத்துவிட்டாய். சுபைருக்கு இரண்டு விசா கைநழுவிப் போனது எனக்கும் வலிக்கிறது. நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை, அவசரப்பட்டாய், பயந்தாய். ஆனால் நம்பி மாட்டிய பையை நம் கையாலேயே எடுத்துக் கொடுக்க வைத்தாய். யாரோ திருடியிருந்தால் எனக்கு இத்தனை வேதனை இருக்காது.

உன் அம்மா என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. பெத்த புள்ளைங்கள காட்டிக் குடுக்கிற மனுசனுக்கு என் கையால சோறு கெடையாது என்றாள். வேளைக்குச் சோறு வருகிறது, வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறாள். வக்கீலோ, விசாரணையில கேட்டால் மட்டும் சொல்லுங்க ஐயா, நீங்களா சொல்ல வேணாம் என்கிறார். நான் ஐந்தாவதோடு நின்றவன், பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய சட்டப் புத்தகத்தைப் படித்தபோது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். போலீஸ் அந்த இரண்டு நாளை மறைத்தது என்று நான் போய்ச் சொல்லும்போது, என் வீட்டில் நடந்ததை நான் மறைத்தால் என் வாய்க்கு என்ன மரியாதை?

அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை விழுப்புரத்தில் ஆணையத்தின் விசாரணை. பை என்ன ஆனது என்று நானாகவே சொல்வேன். கொடுத்தது சுபைர், கொடுக்கச் சொன்னது நீ என்று இரண்டு பேரையும் சொல்வேன். சுபைர் என்னோடு வந்து நிற்கிறேன் என்றிருக்கிறான், அதுவரை அவனுக்கு டிக்கெட் போடாதே. பை வாங்க ஆள் வரும் என்று உனக்கு யார் சொன்னார்கள், அது நீ மட்டும்தான் சொல்ல முடியும். வக்கீல் முகவரியைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் உன் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நீயே எழுதி அனுப்பிவிடு உமைர். அனுப்பாவிட்டாலும் சொல்வேன்.

சர்க்கரை மாத்திரையை விடாதே, வெயிலில் நிற்காதே. பேரனுக்கு என் முத்தம். அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளையையும் காப்பானாக, உனக்கு நேரான மனசைத் தருவானாக.

உன் மேல் கோபமாக இருக்கும்,
உன் அத்தா,
கவுஸ் பாஷா