கேன் வரிசை

ஜூலை 8

டயர் கடையில் இன்று மூன்று பேர் வரவில்லை. எல்லோரும் சினிமாவுக்கு ஆள் எடுக்கும் இடத்தில். வேலை முடிந்ததும் நானும் போனேன். உலகம் அழிந்த பிறகு, மிஞ்சியவர்கள் தண்ணீருக்காக அடித்துக்கொண்டு சாகிற படமாம். மிசிசிப்பியில் இவ்வளவு ஊர் இருக்க, எங்கள் கோல்மன் எதற்கு? உதவி இயக்குநர் பிரென்னாவிடம் கேட்டேன்.

"இங்க செட் போடற வேலையே இல்ல!"

பாராட்டாகத்தான் சொன்னாள்.

அங்கே, கூட்டமாக நிற்க எடுத்த எங்களுக்கெல்லாம் பெயர் 'பின்னணி'. பின்னணி இந்தப் பக்கம் வா, பின்னணி பேசாதே.

ஜூலை 10

எனக்கு ஒரு வசனம் கிடைத்துவிட்டது! கோல்மன்காரர் யாரும் இதுவரை திரையில் வாய் திறந்ததில்லை. மாமா மகன் லின்வுட் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். "ஜெரூஷா, இப்பவே ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடு. அப்புறம் எங்கள எங்க கண்டுக்கப்போற!"

வசனம் இதுதான்: "கிழவி செத்தா சாகட்டும், எனக்குக் குடு!" அவளை உதைத்துத் தள்ளிவிட்டுக் கேனைப் பிடுங்க வேண்டும். கிழவி — சலவைக்கடை மிஸ் ஒடெஸ்ஸா. தேவாலயப் பாட்டுக்குழுவில் சண்டை போட்ட நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. இன்று அவளாகவே பேசினாள்.

"இதுக்கு நீ நடிக்கவே வேணாம்டி. ரொம்ப நாள் ஆசைதானே?"

ஜூலை 11

கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது. அதுதான் பிடிக்கவில்லை.

ஜூலை 12

இன்று நடந்ததை இப்போதே எழுதிவிட வேண்டும்.

ஆளுக்கொரு காலிக் கேன். தண்ணீர் லாரி வந்து நின்றதும் பாய்ந்து ஓட வேண்டும். "ஆக்‌ஷன்!" என்றார்கள். ஓடினோம். ஓடிப்போய் — கேன்களை வரிசையாக வைத்துவிட்டு, பெக்கன் மரத்து நிழலுக்கு வந்துவிட்டோம்!

யாரும் பேசி வைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கோடை முழுக்கக் குழாய் காய்ந்து கிடந்தபோது அப்படித்தான் செய்தோம். கேன் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. அடுத்தவர் கேனை யாரும் தொட மாட்டார்கள். நானும்தான் வைத்தேன். பிடியில் சிவப்பு நாடா கட்டிய கேன், மூன்றாவதாக.

"கட்! என்ன இது, பிக்னிக்கா?" இயக்குநர் கத்தினார்.

"தண்ணி லாரின்னா இப்படித்தான் சார்," என்றான் லின்வுட்.

"சாகக் கிடக்கறீங்க! அடிச்சுக்கணும்! ஜெரூஷா, வசனம்!"

எல்லோரையும் மறுபடி லாரிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மிஸ் ஒடெஸ்ஸாவின் கேனைப் பிடித்தேன். அவள் முணுமுணுத்தாள்: "சீக்கிரம் உதைடி, வெயில் தாங்கல."

வசனம் வாயில் வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"அந்தக் கோடையில இங்க யாரும் யாரையும் உதைக்கல சார். குழாய வருஷக்கணக்கா கவனிக்காம விட்டவன் உங்க கதையில எங்க? வரிசையில நின்னவங்கதான் மிருகமா?"

பிரென்னா மெதுவாகத்தான் சொன்னாள். "அப்போ நீ திரும்பப் பின்னணிதான்."

"சரி."

மரத்தடிக்கு வந்தேன். பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும்.

மிஸ் ஒடெஸ்ஸா விசிறிக்கொண்டே சொன்னாள்: "நல்ல வாய்ப்ப விட்டுட்டியேடி." அப்புறம் நகர்ந்து இடம் விட்டாள்.

ஜூலை 13

பேருந்தில் வெளியூர் ஆட்கள் வந்தார்கள். நன்றாக அடித்துக்கொண்டார்கள்.

"உன் வசனம் போச்சே," என்றாள் அம்மா.

போச்சு. அழுதேன். வருத்தப்படவில்லை — இரண்டும் ஒரே நேரத்தில் முடியுமா? முடிகிறது.

மார்ச் 2

படம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் தியேட்டர் இல்லை. பக்கத்து ஊருக்கு எல்லோருமாகப் போனோம். சண்டைக் காட்சியில் எங்கள் முகம் ஒன்றுகூட இல்லை. எங்கள் தெருவில் யார் யாரோ ஒருவரையொருவர் மிதிக்கிறார்கள். பற்றிக்கொண்டு வந்தது.

சண்டை முடிந்து கதாநாயகன் தனியாக நடந்து வருகிறான். அவன் பார்க்கிற இடத்தில் வெறும் தெரு. லாரி இல்லை, ஆள் இல்லை. வெயிலில் கேன்கள் மட்டும் வரிசையாக. அன்றைக்கு லாரி போன பிறகும் யாரோ கேமராவை நிறுத்தாமல் விட்டிருக்கிறார்கள்!

"ஏய், நீல மூடி என்னுது!"

"சிவப்பு நாடா! ஜெரூஷா, அங்க பாரு!"

"முன்னாடி நிக்கறது யாருதுன்னு நெனச்ச? என்னுது!" — மிஸ் ஒடெஸ்ஸா எழுந்தே நின்றுவிட்டாள். பின்வரிசைக்காரர் உட்காரச் சொன்னார். "நீ உக்காருய்யா, நான் நடிச்ச படம்!"

ஜூன் 24

மறுபடியும் குழாயில் தண்ணீர் இல்லை. ஆத்திரமாக வருகிறது. காலையிலேயே லாரி நிற்கும் இடத்தில் கேன் வைத்தாயிற்று.

வெளியூர்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். கையில் கேன். முன்பின் பார்த்ததில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கடைசிக் கேனுக்குப் பின்னால் தன்னுடையதை வைத்துவிட்டு நிழலுக்கு வந்தார்.

நகர்ந்து இடம் விட்டோம்.