ஸ்ப்ரே ஷெட்டுத் தூசி

10, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் கொளுத்துது. மெஷினுக்கு ஆர்கான் வாயு சிலிண்டர் ஒருவழியா வந்துது, அப்பாடா. கப்-சாசர் கம்பெனித் தூசியை இன்னைக்கு அமிலத்துல கரைச்சு மெஷின்ல விட்டேன். பிளாஸ்மா சூட்டுல ஈயம் இருந்தா தன்னோட ஒளியாலயே தன்னைக் காட்டிக்கொடுத்துடும்.

அங்கே கப்புக்குப் பளபளப்பு தர்ற கிளேஸை ஸ்ப்ரே அடிக்கிற செல்விக்கு அஞ்சு மாசம். ஈயம் இருக்குன்னா வேற வேலைக்கு மாத்திடறேன்னு ஓனர் சொன்னார். மோசமான ஆள் இல்ல. ஆனா "பேப்பர்ல வரட்டும் மேடம்".

ஈயம் சொற்பம். சந்தோஷப்படணும், முடியல. கிளேஸ் மூட்டை லேபிள்ல அவ்வளவு போட்டிருந்துதே, எங்க போச்சு? கால்சியம் மட்டும் கன்னாபின்னான்னு ஏறியிருக்கு. மதியம் தயிர்சாதம் பாதியில தோணிச்சு. கோலமாவு! சுண்ணாம்புக்கல் பொடிதானே அது.

ஷெட் வாசல்ல பெரிய கோலம். "அழகா இருக்கே"ன்னு சொல்லிட்டு அது பக்கத்துலயே பிரஷ் போட்டு அள்ளின மண்டு நான்.

11, செவ்வாய்

மறுபடி போனேன். செல்வி பதறிட்டா.

"மேடம் வராங்கன்னு ஓனரு சொன்னாருங்க. வர்றவங்க முன்னாடி குப்பையா கெடந்தா நல்லாவா இருக்கும்? தண்ணி தெளிச்சுக் கூட்டி, கோலமும் போட்டேன். தூசி எடுக்கவா வந்தீங்க? சொல்லியிருந்தா அப்படியே வுட்டிருப்பேனே!"

சிரிப்பு வந்துது. அப்புறம் சங்கடம். எனக்காகக் குனிஞ்சு கூட்டியிருக்கா, இந்த வயித்தோட.

இந்தத் தடவை எடுத்தது:
– ஃபேன் இறக்கை மேல
– ஜன்னல் கம்பி
– டியூப்லைட் பட்டை
யார் கையும் படாத இடங்கள்.

12, புதன்

ஈயம் மெஷின் அளக்கிற எல்லையையே தாண்டிப் போச்சு. பத்து மடங்கு தண்ணி சேர்த்து மறுபடி ஓட்டினேன். அதே கதை.

ரிப்போர்ட்ல கடைசி வரி: "கர்ப்பிணிகளை இந்த ஷெட்டில் வேலைக்கு வைக்கக் கூடாது." நேர்லயே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓனர் ரெண்டு தடவை படிச்சார். "நாளையிலேருந்து அது பேக்கிங்." அவ்வளவுதான். வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வந்தேன். (மாவு அரைக்க மறந்தாச்சு.)

14, வெள்ளி

மேகமூட்டம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல செல்வி. பெண்ணாடம் பஸ்ஸுக்கு நிக்கறா. முகம் தெளிவா இருக்கு. ரெண்டு கொய்யாவைக் கையில திணிச்சா. "உங்க புண்ணியங்க."

ஸ்ப்ரேக்கு இப்ப யாருன்னு கேட்டேன்.

"எங்க நாத்தனாருதாங்க. கல்யாணமாயி ரெண்டு மாசம். வூட்டுல சும்மாதானே இருக்குதுன்னு நானே சேர்த்து வுட்டேன். அது ஒண்ணும் முழுவாம இல்லியே, ரிப்போர்ட்டுப்படி சரிதான்னு ஓனரும் சொன்னாரு."

பஸ் கிளம்பிடுச்சு. போயிட்டு வரேன்னு கையாட்டினா. நானும் ஆட்டினேன். வேற என்ன செய்ய?

ஓனர் மேல கோபமே வரல. நான் எழுதினதைத்தான் செஞ்சிருக்கார்.

லேபுக்கே திரும்பிட்டேன். ரிப்போர்ட்ல "கர்ப்பிணிகளை"யை அடிச்சேன். "யாரையும்." கிளேஸை மாத்துற வரைக்கும் ஷெட்டை மூடணும்னும் சேர்த்தாச்சு. கம்பெனி ஏழு வரைக்கும் திறந்திருக்கும். இப்ப ஆறேகால். ஸ்கூட்டர் சாவி எங்க