அவள் அழுத பாட்டு

சனிக்கிழமை, ஜூலை 2012

இவரும் மகளும் நானும் இன்று சிற்றி அரங்குக்குப் போய் ஓர் இசை நாடகத்தைப் பார்த்தோம். இவரின் காலமான முதல் மனைவியோடு, மகளின் அம்மாவோடு, இவர்கள் இருவரும் இதை முன்பே பார்த்தவர்கள். அப்போது வேறு நடிகர்கள். இடைவேளையில் நான் பொரித்துக் கொண்டுபோன பற்றீஸைத் தின்றபடி இருவரும் ஒப்பிட்டார்கள்.

“முந்தி நடிச்சவதான் பெட்டர், அப்பா. கடைசிப் பாட்டுக்கு அம்மா எப்பிடி அழுதவ.”

“ஓம் பிள்ளை, கண் துடைச்ச லேஞ்சியெல்லாம் நனைஞ்சு போச்சு.” பிறகு என்னைப் பார்த்தார். “இவவும் நல்லாத்தான் பாடுறா.”

கடைசிப் பாட்டில் எனக்கும் அழுகை முட்டியது. மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பற்றீஸ் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடக்கினேன்.

வீடு வந்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டு அழுது பார்த்தேன். வரவில்லை.