சம்பங்கி மணக்காத வருஷம்

18-4-1999, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டு வரைக்கும்தான். ஒன்பதாவதுக்கு எங்கே? தாடிக்கொம்பு கவர்மெண்ட் பள்ளிக்கூடமா, திண்டுக்கல் கான்வென்ட்டா?

நான் சொல்வது கவர்மெண்ட் பள்ளிக்கூடம். என் சிநேகிதி தமிழ்நிலாவும் அங்கேதான் சேர்கிறாள். இரண்டு பேரும் சைக்கிளில் போய்விட்டுச் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்துவிடலாம். அம்மா சொல்வது கான்வென்ட், அதுவும் ஹாஸ்டல். அப்பா சொல்வது, "ஜெயமேரி, மொதல்ல சோத்தப் போடு."

உண்மையான காரணத்தை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. நானே எழுதுகிறேன். எனக்கு ஓர் அக்கா இருந்தாள். மரியசெல்வி. அதே கான்வென்ட் ஹாஸ்டலில் ஒன்பதாவது படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து, கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்கு வருவதற்குள் செத்துப்போனாள். அடுத்த இரண்டாவது வருஷம் நான் பிறந்தேன். கோயிலில் எனக்கும் அதே பெயரை வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் மட்டும் ரூபி. கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்பார்கள், அதில் ரூபி. கான்வென்ட்டில் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துப் பெயர் எழுதுவார்கள், அதில் மரியசெல்வி.

"அவ விட்ட எடத்துலருந்து நீ படிச்சு முடிச்சிரு தாயி" என்கிறாள் அம்மா. நான் என்ன, அவள் தட்டில் மிச்சம் வைத்த சோறா?

27-4-1999

"சும்மா பாத்துட்டு மட்டும் வருவோம்" என்று அம்மா என்னைக் கான்வென்ட்டுக்குக் கூட்டிப்போனாள். கேட்டில் ஆரோக்கியம்மாள் என்று ஒரு வயசான ஆயா. என்னைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள்.

"வாத்தா செல்வி. லீவுக்குப் போன புள்ள இம்புட்டு நாளாவா இருப்ப? பொட்டிய எங்க?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்ததே கோபம். "நான் ரூபி" என்றேன். ஆயா சிரித்தாள். "சரி சரி, போய் மூஞ்சியக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "கொழா எங்க இருக்குன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

யாரும் சொல்லவில்லை. நேராக நடந்தேன், பெரிய அறைக்குப் பின்னால் திரும்பினேன், குழாய் இருந்தது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் குழாய் பின்பக்கம்தான் இருக்கும். இதில் என்ன அதிசயம்?

சும்மா பார்க்க வந்தவள் திரும்பும்போது ஞானஸ்நானச் சீட்டையும் பீஸையும் மதரிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். பஸ்ஸில் அவளோடு நான் பேசவில்லை.

4-5-1999, செவ்வாய்

நான் கத்திய கத்தலில் அப்பா ஒரு வழி சொன்னார். அந்தோணியார் சிலை இருக்கிற கெபியில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பது. எங்கள் தோட்டத்துப் பூதான். வெள்ளைச் சம்பங்கி வந்தால் கான்வென்ட், சிவப்புக் கோழிக்கொண்டை வந்தால் கவர்மெண்ட் பள்ளிக்கூடம். வாழை இலையில் இரண்டையும் ஒரே மாதிரி அப்பாவே மடித்துக் கட்டினார். நானே எடுக்க வேண்டும் என்றாள் அம்மா.

மனசுக்குள் துள்ளினேன். பூக்காரன் மகளுக்கா தெரியாது? சம்பங்கி எத்தனை இலைக்குள் இருந்தாலும் மணக்கும். கோழிக்கொண்டைக்கு வாசமே கிடையாது. முழங்கால் போட்டுக் கும்பிடுவதுபோல் குனிந்து இரண்டையும் மோந்து பார்த்தேன். இடது பக்கப் பொட்டலம் கும்மென்று மணந்தது. வலது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வலதை எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா பிரித்தார். சம்பங்கி.

இன்னொன்றை நானே பிடுங்கிப் பிரித்தேன். கோழிக்கொண்டை. மூக்கோடு வைத்து மோந்தேன். வெறும் இலை வாசம். சற்று முன்னால் மணந்தது எது? அந்தோணியாரே, எது?

திருட்டுத்தனம் செய்ததால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

5-5-1999

காலையில் தோட்டத்தில் பூ எடுத்தேன். சம்பங்கி எதுவும் மணக்கவில்லை. கூடையில் தலையை விட்டுப் பார்த்தும் மணக்கவில்லை. கூட எடுத்த மூக்காயி அக்கா, "வாசம் தூக்குதுல்ல இன்னைக்கி" என்றாள். சளி என்றார் அப்பா. எனக்குச் சளி இல்லை.

30-5-1999

முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "செல்வி, செத்த இங்க வா" என்றாள் அம்மா. பூக்கட்டிப் பார்த்ததிலிருந்து அவளுக்கு நான் செல்வி. நான் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். திரும்பவில்லை. வேகமாக வந்து முதுகில் ஒன்று வைத்தாள். "கூப்புட்டா என்னான்னு கேக்க மாட்டியா?"

"செத்தவளக் கூப்புட்டா நான் எதுக்கு என்னான்னு கேக்கணும்?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அம்மா அப்படியே ஈரத் துணி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். என்னைத் திட்டவில்லை. அம்மாவிடம்தான் சொன்னார். "உசுரோட இருக்கிற புள்ளயக் கூப்புடு ஜெயமேரி. அவ கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துக்கே போகட்டும். பூக்கட்டுனதும் போதும், அழுததும் போதும்."

ஜெயித்துவிட்டேன். ஆனால் ஏனோ சாப்பாடு இறங்கவில்லை.

7-6-1999

"ரூபி." "உள்ளேன் டீச்சர்." அம்புட்டுத்தான். தமிழ்நிலா என் பக்கத்தில்.

9-7-1999

கான்வென்ட்டில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டைத் திரும்ப வாங்க அப்பா இன்றுதான் போனார். வெறுங்கையோடு வந்தார்.

"சிஸ்டர் என்னைய ஒரு மாதிரியாப் பாக்குறாங்க. 'மரியசெல்வி ஒழுங்கா வந்துட்டுத்தான இருக்கா, நடுவுல எதுக்குச் சீட்டு?'ன்னாங்க. இல்ல சிஸ்டர், எம் புள்ள இங்க சேரவே இல்லன்னேன். ஜன்னல் வழியாக் காட்டுனாங்க. மூணாவது பெஞ்சு."

"யாருப்பா?"

அப்பா கால் கழுவப் போனார். வாளித் தண்ணீர் முழுவதும் தீர்ந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

வேறு ஏதாவது மரியசெல்வியாக இருக்கும். ஊரில் மரியசெல்விக்கா பஞ்சம்? பெயரைக் குழப்பியிருப்பார்கள். தமிழ்நிலாவிடம் இப்படித்தான் சொல்லப் போகிறேன். இல்லை, சொல்ல வேண்டாம்.

11-7-1999, ஞாயிறு

ஹாஸ்டலில் இன்று பெற்றோர் பார்க்கிற நாளாம். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்து, டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்தாள். கேரியர் காலி. கழுவிக்கூட வைத்திருந்தது.

நான் எதையும் கேட்கவில்லை. எனக்கு எடுத்துவைத்திருந்த குழம்பில் கறி கொஞ்சம்தான் இருந்தது.

22-8-1999

வீட்டில் இப்போது யாரும் என்னைச் செல்வி என்று கூப்பிடுவதில்லை. அம்மா வாய் தவறிக்கூடக் கூப்பிடவில்லை. ரூபி, ரூபி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. பிறகு எதற்கு எரிச்சலாக வருகிறது?

பொறாமைதான். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. யார் மேல் பொறாமை என்று எழுதுவதற்குப் பயமாக இருக்கிறது.

10-10-1999, ஞாயிறு

தாங்க முடியாமல் இன்று கேட்டுவிட்டேன். கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "எப்படி இருக்கா?" என்றேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

"எளச்சிருக்கா. காலாண்டுல தமிழ்ல அவதான் மொத மார்க்காம்." மூடியைத் துடைத்துக் கவிழ்த்தாள். "உன்னையக் கேட்டா."

"என்னான்னு?"

"நீ நெறைய சண்ட போடுவியாமே, நெசமான்னு சிரிச்சா."

அதற்கு மேல் கேட்காமல் வாசலுக்கு வந்துவிட்டேன். ஆனால் ஒன்று. இந்த மூன்று மாதத்தில் அம்மா ஒரு நாள்கூட அழவில்லை. நான் பிறந்ததிலிருந்து அவள் இப்படி இருந்து பார்த்ததில்லை.

12-12-1999

கிறிஸ்துமஸுக்கு ஒரே துணியில் இரண்டு பாவாடை சட்டை. இரண்டுக்கும் டெய்லர் என்னிடமே அளவெடுத்தார். "ரெட்டப் புள்ளயா?" என்று கேட்டார். அப்பா "ஆமா" என்றார். அப்பாவா! பூக்கட்டினதும் போதும் என்று சொன்ன அப்பாவா!

22-12-1999, புதன்

இன்று ஹாஸ்டலுக்குக் கிறிஸ்துமஸ் லீவு விடுகிறார்கள்.

அம்மா காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டாள். என் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய். தலையணைக்குப் புது உறை. மதிய பஸ்ஸில் அப்பா திண்டுக்கல் போனார். போகும்போது என் தலையைத் தடவி, "அவகூட சண்ட போடாம இரு தாயி" என்றார். எத்தனை வருஷமாக அந்த லீவுக்கு ஒரு பிள்ளை வீட்டுக்கு வரவில்லை. அதை நினைத்து அந்தத் தலையணையை நானே தட்டிச் சரிசெய்தேன். பயம் மட்டும் போகவில்லை.

பொழுது சாய்ந்துவிட்டது. எழுதிக்கொண்டே காதைத் தெருவில் வைத்திருக்கிறேன். அப்பாவின் இருமல் கேட்கிறது. அவர் செருப்புச் சத்தம். கூடவே இன்னொரு செருப்புச் சத்தம், கொஞ்சம் மெதுவாக.

சம்பங்கி மணக்கிறது. மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான் மணக்கிறது. வீடு முழுக்க மணக்கிறது.

அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள், கதவைத் திறக்கச் சொல்லி. ரூபி என்றுதான் கூப்பிடுகிறாள். என்னைத்தான்.