செவ்வாய் வரைக்கும்

2007 பெப்ரவரி 8, வியாழன்

மைனஸ் இருபத்திரண்டு. காற்றையும் சேர்த்தால் முப்பத்தொன்றாம், ரேடியோவில். ஜன்னலின் உள்பக்கத்திலும் பனி. இந்தக் குளிருக்குள் பருத்திச் சட்டை தேடிக்கொண்டிருக்கிறேன்.

எடுக்க: பாஸ்போர்ட் 2. இவருடைய இருதயக் குளிசை, பன்னிரண்டு நாளுக்கு, கைப்பையில். என் பிரஷர் குளிசை. தொப்பி. செபமாலை. ஊசி நூல். போன் கார்ட். மிளகாய்த்தூள், சின்னப் போத்தலில் (கப்பல் சமையலை நம்பேலாது).

எல்லாம் மகள் டிலானியின் வேலை. முப்பதாவது கலியாண நாளுக்கு என்று இல்-பிசாரில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, கேக் வெட்ட முதல் கவரை நீட்டினாள். மயாமியில் இரண்டு நாள், பிறகு ஏழு நாள் கரிபியன் கப்பல். என் ஒரே நிபந்தனை, விபூதிப் புதனுக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும். தவக்காலத்தில் ஆட்டம் பாட்டம் பார்த்துக்கொண்டு திரியேலாது.

இவருக்கு இருபத்திரண்டு வருடத்தில் முதல் விடுமுறை. டவுன்டவுன் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கி இப்போது மரக்கறி வெட்டுகிறார். போன வருடம் நெஞ்சுக்குள் குழாய் வைத்து மூன்று கிழமை வீட்டில் கிடந்தார். அதை விடுமுறை என்று சொல்ல முடியாது.

காலையில் மன்னாருக்கு போன் எடுத்தார். இவருடைய பெரியண்ணை சிரித்தாராம். "கப்பலோ? நாங்கள் பாக்காத கடலோடா?" இருமல் இன்னும் நிற்கவில்லையாம். தாய் தகப்பன் இல்லாத இவரை வளர்த்து, கடைசியில் தன் வள்ளத்தை விற்று இங்கே கனடாவுக்கு அனுப்பிய மனுசன். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் காணவில்லை. சண்டை ஓயட்டும் என்றோம். நடுவில் ஓய்ந்திருந்த நாலு வருடமும் டிலானியின் படிப்பு, கலியாணம் என்று போய்விட்டது.

9, வெள்ளி

மயாமி. விமானத்தால் இறங்கியதும் வேர்வை. இவர் அதைக் கையால் துடைத்து எனக்குக் காட்டுகிறார், பரிசு வாங்கினவர் மாதிரி. "பாரும், பெப்ரவரியில வேர்க்குது."

பஸ்ஸில் ஊர் சுற்றிக் காட்டினார்கள். பணக்காரர் வீடுகள். வெள்ளை, ரோஸ், மஞ்சள் நிறக் கட்டடங்கள். கடற்கரையில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தார். சாரத்தைத் தூக்கிக் கட்டுகிற பழக்கத்தில் கை காற்சட்டையைத் தேடியது. சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன்.

கால் வீங்கியிருக்கிறது. நித்திரை வருகிறது.

10, சனி

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் வாயால் வந்துவிடும்.

எட்டு மணிக்கு முதலைச் சதுப்புக்கு பஸ். இவர் வழக்கம்போல நாற்பது நிமிஷம் முன்னதாகவே கீழே போய் நிற்கிறார். அறைக்கு போன். டிலானி.

"அம்மா, அப்பா பக்கத்தில நிக்கிறாரோ?"

"இல்லை, கீழ."

"பெரியப்பா செத்துப்போனார் அம்மா. ரெஜி அண்ணா போன் எடுத்தவர். நான் அப்பாட்ட சொல்ல மாட்டன். நீங்கள் சொல்லுங்கோ."

கார்டைச் சுரண்டி மன்னாருக்கு எடுத்தேன். ரெஜி, பெரியண்ணையின் மூத்த மகன். அங்கே பொழுது படுகிற நேரம். பின்னால் பெண்கள் அழும் சத்தம்.

"சித்தி, அப்பா மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், எழும்பேல்லை. சித்தப்பா வாறதெண்டாச் சொல்லுங்கோ. மருந்து ஏத்தி செவ்வாய் பின்னேரம் வரைக்கும் வைச்சிருக்கலாம். கொழும்புக்கு வான் அனுப்புறன். இல்லாட்டி திங்கள் நாலு மணிக்கு எடுக்கிறம்."

நான் சொன்னது, சொன்னபடி: "அவருக்கு நெஞ்சு ஏலாது ராசா. வழியும் சரியில்லை. எடுங்கோ."

ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கணவனிடம் கேட்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே போனேன்.

பயணத்தில் நிற்கிறவர்களுக்குச் சாவு சொல்வதில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். வீடு திரும்பி, தேத்தண்ணி குடிக்கவிட்டு, பக்கத்தில் ஆள் இருக்கச் சொல்வார்கள். ஆனால் அது சாவைச் சொல்லாமல் விடுகிற வழக்கம். போகவிடாமல் மறிக்கிற வழக்கம் இல்லை.

சதுப்பில் பெரிய விசிறி பூட்டிய வள்ளம். காதுக்குப் பஞ்சு தந்தார்கள். முதலை ஒன்று வாயைத் திறந்தபடி கிடந்தது. இவர் அதைப் பார்த்து, "எங்கட சமையலறை ஷெப் மாதிரி" என்றார்.

11, ஞாயிறு

பூசை இல்லை. கப்பல் ஏறினோம். பத்துமாடிக் கட்டடம் ஒன்று தண்ணீரில் நிற்கிற மாதிரி. எல்லாருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டி, ஆபத்து வந்தால் எங்கே ஓடுவது என்று காட்டினார்கள்.

கப்பல் நகரும்வரை நேரம் இருந்தது. நேற்று பகல் முழுக்க இருந்தது. மயாமியிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து கொழும்பு. நேற்றே புறப்பட்டிருந்தால் செவ்வாய் போய்ச் சேர்ந்திருப்பார். மதவாச்சியில் ஆமி மறித்து இறக்கி, பெட்டி கிளறி, கேள்வி கேட்பார்கள்தான். கனடா பாஸ்போர்ட்டோடு எத்தனை பேர் போய் வந்திருக்கிறார்கள்.

சங்கு ஊதினார்கள். இவர் கையசைத்தார், கரையில் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை.

12, திங்கள்

அங்கே நாலு மணி என்றால் இங்கே விடிய ஐந்தரை. ஐந்துக்கே எழும்பிவிட்டேன். மேல்தட்டில் ஒருவரும் இல்லை, தரை கழுவுகிறவர்கள் மட்டும். செபமாலையில் திங்கள் சந்தோஷ தேவ இரகசியம் சொல்கிற நாள். துக்கம் சொன்னேன். இப்போது பெட்டியை மூடுவார்கள், இப்போது தூக்குவார்கள் என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து.

நாலாவது பத்தில் இவர் வந்துவிட்டார். இரண்டு கையிலும் பேப்பர் கோப்பை.

"இஞ்சயோ நிக்கிறீர்? கப்பல் முழுக்கத் தேடினனான். இந்தாரும், தேத்தண்ணி. தண்ணியாத்தான் கிடக்கு."

பக்கத்தில் இருந்தார். தோளோடு தோள் முட்ட. அண்ணனை மண்ணுக்குள் வைக்கிற நேரம் தம்பி தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கிறார்.

"அண்ணை கண்டா சிரிப்பார். நான் வலை இழுக்கப் போனா வாந்தி எடுக்கிறவன். இண்டைக்குக் கடல் நடுவில தேத்தண்ணி குடிக்கிறன்."

எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. காற்று கண்ணுக்குள் அடிக்கிறது என்று உள்ளே கூட்டிப் போனார்.

இரவுச் சாப்பாட்டில் கோப்பைகளை அளவு பார்த்து ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கி, கரண்டியெல்லாம் ஒரு பக்கம் வைத்தார். பரிமாறுகிற பிலிப்பீன் பொடியன் சிரித்துவிட்டு, "சேர், நீங்கள் லீவில் நிற்கிறீர்கள்" என்றான். இவருக்குச் சரியான வெட்கம்.

13, செவ்வாய்

ஜமைக்கா. வெயில், பிறகு பத்து நிமிஷ மழை, பிறகு வெயில்.

இன்றைக்கு இவர் மன்னாரில் நின்றிருக்க வேண்டிய நாள்.

அருவி ஒன்று. பாறை பாறையாய் மேலேறலாம். எல்லாரும் கைகோத்துச் சங்கிலி மாதிரி ஏறினார்கள். நான் கீழே நின்றேன், முழங்கால். "வேண்டாம், நெஞ்சு" என்றேன். "சும்மா இரும், டொக்டர் நடக்கச் சொன்னவர்தானே" என்று போய்விட்டார். ஒரு பக்கம் ஜெர்மன் கிழவி, மறுபக்கம் பள்ளிக்கூடப் பெட்டை. தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்க, உச்சிவரைக்கும் ஏறினார். மேலே நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

மூச்சு வாங்கவில்லை. இறங்கி வந்து மாம்பழம் வாங்கித் தின்றார். நெஞ்சு ஏலாது என்று நான் சொன்ன மனுசன்.

அப்படியென்றால் நான் ஏன் சொன்னேன். இங்கேதானே உண்மை எழுதலாம். எனக்கு இந்தக் கப்பல் வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருடம் ஊராரின் கோப்பையும் பிள்ளைகளின் கோப்பையும் கழுவினோம், இவர் கடையில், நான் பிள்ளை பார்க்கிற கார்டெரியின் சமையலறையில். பத்து நாள் எனக்கென்று வந்தது. அதை அந்த மனுசனின் சாவு கொண்டுபோய்விடும் என்று பயந்தேன். செத்தவர் எழும்பப் போகிறாரோ என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அதுவும் என் குரல்தான்.

15, வியாழன்

மெக்சிக்கோத் தீவு. பெயர் வாய்க்குள் நுழையவில்லை. வெள்ளி நகைக்கடை, தொப்பிக்கடை. துறைமுகத்தில் வரிசையாய் போன் பெட்டிகள்.

"கார்டைத் தாரும், அண்ணையோட ஒருக்காக் கதைப்பம். அருவி ஏறினதைச் சொல்லவேணும்."

கைப்பைக்குள் கையை விட்டேன். கார்ட் விரலில் பட்டது. "மயாமி அறையில விட்டிட்டன் போலகிடக்கு."

"விசரி" என்று தலையில் செல்லமாய்த் தட்டினார். "பரவாயில்லை, வீட்ட போய் எடுப்பம். அண்ணை எங்க போகப்போறார்."

இதுவரைக்கும் சொல்லாமல் இருந்தேன். இன்றைக்குத்தான் பொய் சொன்னேன். மத்தியானம் ஒன்றும் இறங்கவில்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சை கேட்டு வாங்கிவந்தார்.

17, சனி

கடல். வேறொன்றும் இல்லை பார்க்க.

எண்பத்தெட்டில் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அப்பா யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார். இவர் மூன்று கிழமை மறைத்தார். தையல் காயட்டும் என்று. ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்து, "மாமா சுகம், கடிதம் போட்டவர்" என்பார். தெரிந்த அன்று இவருடைய நெஞ்சில் குத்தினேன். பிறகு மன்னித்தேன். இவரும் மன்னிப்பார் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அப்போது என்னால் எழும்பவே முடியாது. யாரும் எனக்காகப் பொடியை எடுக்காமல் வைத்திருக்கவும் இல்லை.

சாவை மட்டும் சொல்லலாம். ரெஜி கேட்டதைச் சொல்லாமல் விடலாம். இரண்டையும் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது.

19, திங்கள்

நேற்று வந்து சேர்ந்தோம். மைனஸ் பதினாலு. படிக்கட்டில் பனிக்கட்டி, மேல்வீட்டுக் கிரேக்கர் உப்புப் போட்டிருந்தார்.

இன்று காலை தேத்தண்ணி குடிக்கவிட்டேன். கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தேன். இவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கதிரை இழுக்கிற சத்தம் தெரியும்.

"ஆர்?" என்றார்.

"பெரியண்ணை."

"எப்ப?"

"போன சனிக்கு முதல் சனி."

"எடுத்தாச்சோ?"

"திங்கள் எடுத்தவை."

மேசையில் தலையை வைத்துவிட்டார். முதுகு மட்டும் குலுங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு என் கையைத் தேடிப் பிடித்தார்.

"பத்து நாளாத் தனிய இதைச் சுமந்துகொண்டு திரிஞ்சிருக்கிறீர். நான் மடையன், பாட்டும் கூத்துமா நிண்டிருக்கிறன்."

அந்த நேரம்தான் இரண்டாவதைச் சொல்லியிருக்க வேண்டும். கை அவர் கைக்குள் இருந்தது. சொல்லவில்லை.

20, செவ்வாய்

ஆட்கள் வந்தபடி. கோயில் பங்கிலிருந்து ஏழெட்டுப் பேர், பாணும் சம்பலும் கோப்பியும். எல்லாரிடமும் இவர் என்னைத்தான் சொல்கிறார். "இவ பாவம். எனக்கு நெஞ்சு ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை." வந்தவர்களில் ரோசக்கா என் முதுகைத் தடவினார். நல்ல மனுசி என்றார் என்னை. சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஃபாதரிடம் சொல்லியாகிவிட்டது. டிலானி போனில், "சொல்லிட்டீங்களோ? எல்லாத்தையும்?" ஓம் என்றேன்.

மன்னாருக்கு லைன் கிடைக்கவில்லை. நாளைக் காலை எடுப்பாராம். இன்று பின்னேரம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். உறங்கிவிட்டார்.

21, விபூதிப் புதன்

தூவல் பனி. இருவரும் உபவாசம். எட்டு மணிக்கு இவருக்கு லைன் கிடைத்தது. நான் அடுப்படியில்.

"ரெஜி, நான்தான்ரா சித்தப்பா." அழுகை. இரண்டு பேரும். பிறகு, "நான் வராமல் விட்டிட்டன் எண்டு நினைக்காதை ராசா, எனக்குத் தெரியாது" என்றார். பிறகு நீண்ட நேரம் அந்தப் பக்கம் ரெஜி கதைக்க, இவருடைய பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

"என்ன?"

"செவ்வாய் வரைக்குமோ?"

"ஆர் சொன்னது?"

"சரி. சரியடா. நீ என்ன செய்வாய். வைக்கிறன்."

அடுப்படி வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை, களைத்துப்போன முகம்.

"கேட்டவங்களாம். நீர்தான் எடுக்கச் சொன்னனீராம்."

"ஓம்."

"என்னத்துக்கு? எனக்கு நெஞ்சு ஏலாதெண்டோ, கப்பல் போயிடுமெண்டோ?"

முதலாவதைச் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். நம்பத்தான் வந்து நின்றார் என்று நினைக்கிறேன்.

"ரெண்டும்" என்றேன்.

தலையை ஆட்டினார். குளிர்ச்சட்டையைப் போட்டார். சப்பாத்து நூலைக் கட்ட வெகு நேரம் எடுத்தது. பூசை பின்னேரம் ஆறரைக்குத்தானே, எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"வேலைக்கு."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். இவருக்கு லீவு வெள்ளிக்கிழமை வரை.