அக்கா பார்த்த படம்

சிர்சி,
4-3-1997

அன்புள்ள அக்காவுக்கு, வசுதா எழுதுவது.

பாக்கு உரித்துக் காயப்போட்டாயிற்று. வேறு நல்ல செய்தி இல்லை. பிள்ளை சுகாஸுக்கு நாலு வயது நடக்கிறது. இன்னும் உதிரி உதிரியாக நாலைந்து சொல்தான். மைசூரில் பெரிய டாக்டரிடம் காட்டலாமென்றால் இவர், "உங்கக்காவே சோதிச்சு பாஸ் போட்டுட்டாளே, அப்புறம் என்னடி? எங்கப்பா அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தாராம்" என்கிறார். தசராவுக்கு வந்தபோது நீ சொன்னதுதான் இங்கே வேதவாக்கு. இன்னொரு முறை பாரேன் அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் வசு


மைசூர்,
12-3-1997

செல்ல வசு,

பல்லி விழுந்தாலே பஞ்சாங்கம் தேடுகிறவள் நீ. பூனை, குடை, வாளி என்று நான் கேட்ட படமெல்லாம் தப்பாமல் தொட்டுக் காட்டினானே! புரிகிற பிள்ளைக்குப் பேச்சு பின்னால் வரும். இதில் தேறினால் குறையில்லை என்றுதான் எங்கள் பேச்சுப் பயிற்சி மையத்தில் சொல்லி அனுப்புகிறோம். போட்டு அலட்டிக்கொள்ளாதே.

ஷைலஜா


சிர்சி,
20-3-1997

அக்கா,

நேற்று அடுப்பைப் பார்த்தபடியே, "சொம்பை எடுத்துட்டு வாடா" என்றேன். அசையவில்லை. சொம்பைத் திரும்பிப் பார்த்துச் சொன்னேன், ஓடிப்போய் எடுத்துவந்தான். காது நன்றாகக் கேட்கிறது, தட்டு விழுந்தால் திரும்புகிறான். நீ விட்டுப்போன படச்சீட்டுகளைப் பரப்பி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, "பூனை எங்கே?" என்றேன். துண்டைப் பிடுங்கிவிட்டு என் கண்ணைத் தேடுகிறான்!

நீ கேட்டபோது எங்கே பார்த்தாய் அக்கா? அவனுக்கு நம் சொல் புரியவில்லை, நாம் பார்க்கும் பக்கம் பார்க்கிறான். ஜூனில் பள்ளியில் சேர்க்கப்போகிறார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே யார் கண்ணைப் பார்ப்பான்? இவரிடம் அழுதுவிட்டேன், காலில்கூட விழுந்தேன். "பாஸான பிள்ளைக்கு நோய் தேடுறியா?" என்கிறார். நீ சொன்னதை நீதான் மாற்ற முடியும்.

வசு


மைசூர்,
27-3-1997

வசு,

முன்பு என்னிடம் தேறிய ஒரு பெண்குழந்தை, இன்னும் பேச்சு வரவில்லையென்று திரும்பி வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். திறந்து பார்த்தால், எந்தப் படத்தையும் தொடாமல் என் முகத்தைப் பார்த்து விம்மிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடமும் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரரிடம் இதை வாசித்துக் காட்டு: நான் சொன்னது தப்பு. சுகாஸுக்கு இப்போதே பயிற்சி வேண்டும். திங்கட்கிழமை பஸ்ஸில் உங்களை ஏற்றிவிடச் சொல். மாட்டேனென்றால் நானே வந்து கூட்டிப்போவேன்.

"ஒன்றுமில்லை, போய்வாருங்கள்" என்று எத்தனை தாய்மார்களைச் சிரித்தபடி அனுப்பியிருக்கிறேன், வசு. அவர்கள் யாரும் எனக்குக் கடிதம் எழுதப்போவதில்லை.

ஷைலஜா